தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள்: பருந்தையும் மீனையும் படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

விரால் மீனால் தண்ணீருக்குள்ளேயே காலம் தள்ள முடியாது. செவுள் இருந்தாலும் அது மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுத்தான் கீழே போகும். அந்த நொடியில் ஏரியின் மேல் சின்னதாக ஒரு வளையம் விரியும். அதற்காகவே ஒரு பறவை உயரத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பறவைக்கு நம் பக்கத்தில் விராலடிப்பான் என்று பெயர். பெயர் வைத்தவர் பறவையை மட்டும் பார்த்துவிட்டு வைக்கவில்லை, மீனையும் பார்த்திருக்கிறார்.

எனக்கு இது புரிய இரண்டு பனிக்காலம் ஆயிற்று. பழவேற்காடு ஏரிக்கரையில் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். பறவை எங்கிருந்தோ வரும், நான் கேமராவைத் தூக்குவதற்குள் இறங்கி எழுந்து போய்விடும். ஒருநாள் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "மேல பாத்து என்ன பண்ணப் போறீங்க தம்பி? தண்ணியப் பாருங்க. மடவை மீன் எங்க துள்ளுதோ அங்கதான் அது வரும்." அன்றுமுதல் நான் நிற்கும் இடம் மாறியது, படமும் மாறியது. வேட்டைப் பறவைகளையும் மீன்களையும் ஒரே வழிகாட்டியில் சேர்த்து எழுதுவதற்கும் அதுதான் காரணம். ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதை நன்றாக எடுக்க முடியாது.

பெரிய செலவு செய்யாமல், வார இறுதியில் மட்டும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படித்தான்.

படி 1: நான்கு பறவைகளின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழகக் கடற்கரையிலும் ஏரிகளிலும் மீனோடு சம்பந்தப்பட்ட வேட்டைப் பறவைகள் பல இருந்தாலும், ஆரம்பத்துக்கு நான்கு போதும்.

செம்பருந்தைத் தெரியாதவர் இருக்க முடியாது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதேதான். இது தண்ணீருக்குள் பாயாது. மேலாக மிதக்கும் மீனையும் செத்த மீனையும் காலால் வழித்து எடுக்கும். எடுத்ததைப் பறந்துகொண்டே காலிலிருந்து வாய்க்குக் கொண்டுபோய்த் தின்னும். படத்துக்கு அருமையான காட்சி அது.

கரும்பருந்து மீன் சந்தைகளின் மேல் கூட்டமாகச் சுற்றும். வால் நுனி கவை போலப் பிளந்திருக்கும். செம்பருந்தின் வால் உருண்டையாக முடியும். தூரத்தில் நிழலுருவாகத் தெரியும்போதுகூட இந்த ஒன்றை வைத்துப் பிரித்துவிடலாம்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு பெரிய பறவை. இறக்கை விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர். கடலோரத்தில் உயரமான மரத்திலோ கோபுரத்திலோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

நான்காவது விராலடிப்பான். பனிக்கால விருந்தாளி. அக்டோபர், நவம்பரில் வந்து மார்ச் வாக்கில் கிளம்பும். கிட்டத்தட்ட மீனை மட்டுமே தின்று வாழ்கிற பறவை. அதன் காலை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்ள முடியும், அதனால் முன்னே இரண்டு பின்னே இரண்டு விரலாக மீனைக் கவ்வும். பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு இருக்கிறது, வழுக்கும் மீன் நழுவாமல் இருக்க. பிடித்த மீனை அநேகமாக எப்போதும் தலை முன்னால் இருக்கும்படி திருப்பித் தூக்கிக்கொண்டு போகும். எதிர்காற்றில் அப்போதுதான் இழுப்பு குறைவு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் கையில்தான் படம் விழும். உட்கார்ந்திருக்கும் பருந்து எச்சமிட்டால் அநேகமாகச் சற்று நேரத்தில் பறக்கும். உடம்பைத் தாழ்த்திக் காற்றைப் பார்த்துத் திரும்பினால் கேமரா கண்ணில் இருக்க வேண்டும்.

படி 2: இருக்கிற கருவியில் தொடங்குங்கள்

70–300 அல்லது 55–250 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தால் அதுவே ஆரம்பத்துக்குப் போதும். நிக்கான், சோனியின் சின்ன சென்சார் கேமராவில் 300 மில்லிமீட்டர் 450 போலவும், கேனானில் 480 போலவும் தெரியும். மீன்பிடித் துறைமுகத்தில் பருந்துகள் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலேயே வரும், அங்கே அதற்குமேல் தேவையே இல்லை.

அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிக்மா அல்லது டாம்ரான் 150–600 வாங்குகிறார்கள். இரண்டும் இரண்டு கிலோ வாக்கில். நிக்கான் 200–500 இன்னும் கொஞ்சம் கனம். வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண் உயரத்துக்குத் தூக்கி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் தாங்கி ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைபாட் பறக்கிற பறவைக்கு அவ்வளவாக உதவாது. கார் ஜன்னலில் வைக்க அரிசி மூட்டை போல ஒரு துணிப் பை தைத்துக்கொண்டால் போதும், உள்ளே பச்சைப்பயறு போட்டுக் கட்டலாம். நான் ஐந்து வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நிக்கான் பி900, பி1000 போன்ற நீள ஜூம் கேமராக்கள் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நன்றாக உழைக்கும். பாய்கிற பறவைக்கு அவற்றின் ஃபோகஸ் வேகம் போதாது. பறக்கும் பருந்துதான் வேண்டும் என்றால் அதே பணத்துக்குப் பழைய எஸ்எல்ஆர் உடலும் ஒரு நல்ல லென்ஸும் வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

மீனுக்கு மூன்று பொருள் தனியாக வேண்டும்: லென்ஸ் முனையில் சுழற்றுகிற போலரைசர் ஃபில்டர், ஒரு கறுப்புக் குடை, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நம் கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவு வயிற்றில் அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொன்று, ஏசி காரிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும், தெளிய கால்மணி நேரமாவது ஆகும். ஊர் நெருங்கும்போதே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள்.

படி 3: மீன் சந்தையில் கை பழகுங்கள்

நேராக ஏரிக்குப் போய் விராலடிப்பானோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முதல் ஒரு மாதம் பக்கத்திலிருக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். சென்னைக்காரர்களுக்குக் காசிமேடு இருக்கிறது. விடிந்த பிறகு, ஏலம் முடிந்து கழிவு மீன் கிடக்கிற நேரம், கரும்பருந்தும் செம்பருந்தும் தலைக்குமேல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். வேலை செய்கிறவர்கள் வழியில் நிற்காதீர்கள். யார் முகமாவது படத்தில் வரும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இங்கே பழக வேண்டியது ஒன்றே ஒன்று: பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. எல்லோரும் தலையைக் குனிந்து வ்யூஃபைண்டரில் பறவையைத் தேடுவோம். அது கிடைக்காது. பறவையின் மேல் பார்வை நிலைத்திருக்க, தலை அசையாமல் இருக்க, கேமரா மட்டும் எழுந்து வந்து பார்வைக் கோட்டில் உட்கார வேண்டும். ஜூமைக் குறைத்து வைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, பிறகு கூட்டுங்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை, படமே எடுக்காமல் செய்தாலும் நல்லது.

அடுத்து, உள்ளூர் ஏரியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைத் தேடுங்கள். அது விராலடிப்பான் போலவே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாகத் தண்ணீரில் விழும். அதைப் பிடிக்கப் பழகியவருக்குப் பெரிய பறவை எளிது.

படி 4: கேமராவில் வைக்க வேண்டிய அளவுகள்

ஷட்டர் வேகம்: காற்றில் மிதக்கும் பருந்துக்கு 1/1000 போதும். திரும்புகிற, பாய்கிற பறவைக்கு 1/2500. தண்ணீர்த் துளிகள் கண்ணாடி மணி போல உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/3200க்கு மேல்.

லென்ஸின் துளை: எஃப் 6.3லிருந்து 8 வரை. 600 மில்லிமீட்டரில், எஃப் 6.3ல், இருபது மீட்டர் தூரத்துப் பறவைக்குத் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இறக்கை நுனி மங்கினால் பரவாயில்லை, கண் தெளிவாக இருக்க வேண்டும்.

ஃபோகஸ்: தொடர் ஃபோகஸ். கேனானில் ஏஐ செர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. புதிய கேமராவில் பறவைக் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. லென்ஸில் ஃபோகஸ் தூரத்தைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் "10 மீட்டருக்கு மேல்" போன்ற நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் அருகிலும் தூரத்திலும் அலைந்து நேரத்தைத் தின்றுவிடும்.

வெளிச்சம்தான் பலருக்குத் தகராறு. பறவை வெள்ளை வானத்தின் முன் வந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கரியாக்கிவிடும். அதே பறவை இருண்ட தண்ணீர் முன்னால் இறங்கினால் செம்பருந்தின் வெள்ளைத் தலை வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். இரண்டு நொடியில் இரண்டு பின்னணி. தெளிவான வெயில் இருக்கும் காலையில் நான் எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிடுவேன்: எட்டு மணி வாக்கில் 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 800. பின்னணி மாறினாலும் பறவை மேல் விழும் வெயில் மாறவில்லை, அப்புறம் எதற்கு அளவை மாற்ற வேண்டும்? வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவை 640, 400 என்று இறக்கிக்கொண்டே வருவேன். செம்பருந்தை ஒரு படம் எடுத்து, தலையில் வெளுப்பு எச்சரிக்கை மின்னுகிறதா என்று பார்த்து, மின்னினால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன். மேகம் வந்து போகிற நாளில் மட்டும் தானியங்கி ஐஎஸ்ஓ போட்டு, வானம் பின்னணி என்றால் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) +1ல் வைப்பேன்.

கேமரா பதப்படுத்தாத மூல ஃபைலான ராவில் எடுங்கள். நிழல் விழுந்த கண்ணை மீட்க அதுதான் வழி.

படி 5: நிற்கும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

பறவை காற்றை எதிர்த்து எழும், காற்றை எதிர்த்து இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் அந்தரத்தில் நிற்கும். அதனால் காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்களைப் பார்க்கும். வெயிலும் முதுகில் பட்டால் அந்த முகத்தில் வெளிச்சம் விழும். இரண்டும் ஒன்றாக அமைகிற இடத்தைத் தேடுவதே வேலை.

மார்கழி, தை மாதங்களில் நம் கிழக்குக் கரையில் பொதுவாக வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். அந்த நாட்களில் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து உதிக்கும். அப்படியானால் தண்ணீருக்குக் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் பறவை முக்கால் முகம் காட்டும், வெயிலும் அதன் மேல் விழும். மேற்குக் கரையில் நின்றால் வால் பக்கமும் நிழலும்தான் கிடைக்கும். நான் இரண்டு பனிக்காலம் வீணாக்கியது மேற்குக் கரையில். கார் நிறுத்த அங்கேதான் வசதியாக இருந்தது.

விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசி, வெயில் ஏறியதும் திசை திரும்புவதும் உண்டு. போனவுடன் கொஞ்சம் உலர்ந்த மணலை விரலிடுக்கில் விட்டுப் பாருங்கள். படகுகளில் கட்டியிருக்கும் கொடியையும் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, சில்காவுக்கு அடுத்தது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் வந்து சேர்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நடுவில் நின்று கடலைத் தடுக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். நம் பக்கத்தில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் ஏரியே ஆழமில்லாதது. நீர் வற்றும்போது மீன் வாய்க்கால் போன்ற பள்ளங்களில் ஒதுங்கும். அங்கே கொக்கும் நீர்க்காகமும் ஆலாவும் கூடினால் கீழே மீன் இருக்கிறது என்று பொருள். மடவை கூட்டமாக மேல்மட்டத்திலேயே திரியும், அடிக்கடி துள்ளும். விராலடிப்பானால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள மீனைப் பிடிக்க முடியாது, அதனால் மடவை அதற்கு வசதியான இரை.

இன்னொரு அடையாளம், வலைக் கம்புகள். பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு, எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று தங்களுக்குள் முறைவைத்துக்கொள்வார்கள். தண்ணீரில் நட்ட கம்புகளின் மேல் பருந்துகள் உட்காரும், பிடித்த மீனை அங்கே வைத்துக் கிழித்துத் தின்னும். கம்பிலிருந்து நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி, கிழக்குப் பக்கமாகக் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்பதைவிட உட்காருவது நல்லது, பறவையும் பதறாது, படத்தின் கோணமும் தாழ்ந்து வரும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாத படகில் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பகுதியில் கட்டுப்பாடு இருக்கும், முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பதரைக்கு மேல் மூட்டை கட்டிவிடுங்கள். சேறும் மணலும் சூடாகி, காற்றில் கானல் ஆடத் தொடங்கும். லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் படம் தண்ணீரில் கரைந்தது போல வரும். பலர் லென்ஸைத்தான் குறை சொல்வார்கள்.

படி 6: பாய்ச்சல்

விராலடிப்பான் மீனைக் கண்டதும் பறப்பதை நிறுத்தி, தலையைக் கீழே தொங்கவிட்டு, இறக்கையை வேகமாக அடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நொடி. சில சமயம் விட்டுவிட்டு நகர்ந்துபோய் மறுபடி நிற்கும். நின்றவுடன் நீங்கள் செய்ய வேண்டியது, ஜூமை 600லிருந்து 400க்கு இறக்குவது. விழும் வேகத்தில் பறவை சட்டத்தை விட்டு ஓடிவிடும், இடம் விட்டு வைக்க வேண்டும். கடைசி நொடியில் கால்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால் நீளும். தண்ணீர் வெடிக்கும்.

அந்த விழும் காட்சியைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். விழுந்த பறவை ஒன்றிரண்டு நொடி தண்ணீரிலேயே இறக்கையை விரித்தபடி கிடக்கும். மீன் காலில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல இருக்கும். அந்த இடைவெளியில் உங்கள் ஃபோகஸ் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அது கனத்த இறக்கையடிகளோடு எழும், எப்போதும் காற்றுக்கு எதிராக, அதாவது நீங்கள் சரியான கரையில் இருந்தால் உங்களை நோக்கி. இறக்கை நுனி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வட்டங்கள் விழும். நான்கைந்து மீட்டர் மேலே வந்ததும், பறந்துகொண்டே உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி உதறும், நனைந்த நாய் உதறுவது போல. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, இறக்கை இன்னொரு பக்கம் போக, சுற்றிலும் நீர்த்துளிகள் சக்கரமாகத் தெறிக்கும். மஞ்சள் கண் மட்டும் அசையாமல் இருக்கும். எனக்கு வாய்த்த நல்ல படங்களில் பாதி அந்த உதறல்தான். பர்ஸ்டை, அதாவது தொடர் படமெடுப்பை, விழும்போதே அழுத்தித் தீர்த்துவிட்டால், இந்த நேரத்தில் கேமராவின் இடைநினைவகம் நிரம்பிப் படுத்துவிடும். விழும்போது நான்கு படம், எழும்போது மிச்சம்.

பல தடவை அது வெறுங்காலோடுதான் எழும். காத்திருங்கள்.

படி 7: இப்போது மீன்

மீனைப் படமெடுக்க நீரில் இறங்க வேண்டியதில்லை. மூன்று வழி இருக்கிறது, எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

முதல் வழி, கரையிலிருந்து. கோயில் குளத்தில் பக்தர்கள் பொரி போடும் படிக்கட்டு நல்ல பள்ளிக்கூடம். அனுமதி கேட்டுக்கொண்டு எடுங்கள். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் வானம்தான் தெரியும், மீன் தெரியாது. போலரைசரை மாட்டி, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்த்து, வளையத்தை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரையை விலக்கியது போலப் பளபளப்பு மறைந்து, செதில் தெரியும். இந்தச் சாய்வில்தான் ஃபில்டர் முழுதாக வேலை செய்யும், நேர் கீழே பார்த்தால் அநேகமாகப் பயனில்லை. அப்போதுதான் கறுப்புக் குடை. நண்பரை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொன்னால், தண்ணீரில் வானத்துக்குப் பதில் குடையின் கறுப்பு விழும், அதற்குள் மீன் எழுந்து தெரியும். போலரைசர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தைக் குடித்துவிடும், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். தானியங்கி ஃபோகஸ் நீர்மட்டத்தில் மிதக்கும் தூசியைப் பிடிக்கும், கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

இந்த முறையில் கிடைக்கக்கூடிய மிக அழகான காட்சி, விரால் குஞ்சுகள். மழைக்குப் பிறகு ஏரியோரப் புல் நடுவில், சிவந்த ஆரஞ்சு நிறத்தில் பந்து போல ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கும். குஞ்சுகள் மாறி மாறி மேலே வந்து காற்றுக் குடிக்கும் கொதிப்பு அது. கீழே ஓரடி ஆழத்தில் கறுப்பாகத் தாய் தகப்பன் காவல் நிற்கும். அசையாமல் கால்மணி நேரம் உட்கார்ந்தால் பெரிய விரால் மூச்சுக்கு மேலே வரும்.

சேற்றில் தாவும் மீனையும் இதில் சேர்க்கலாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டு ஓரத்திலும் ஆற்று முகத்துவாரங்களிலும் நீர் வற்றும்போது சேற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈரம் இருக்கும்வரை தோலாலும் வாயின் உட்சுவராலும் மூச்சுவிடும். போனவுடன் எல்லாம் வளைக்குள் ஓடும். பத்து நிமிடம் சும்மா இருங்கள், ஒவ்வொன்றாக வெளியே வரும். கேமராவைச் சேற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து, கண்ணுக்கு நேராக எடுங்கள். முதுகுத் துடுப்பைக் கொடி போலத் தூக்கித் துள்ளும்போது 1/2000 வேண்டும்.

இரண்டாவது வழி, கண்ணாடித் தொட்டி. ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் இருக்கும் சின்ன மீன்களின் நிறத்தை வேறெப்படியும் காட்ட முடியாது. மீன் தொட்டி செய்து விற்கும் கடையில் ஒரு சாண் நீளம், அரைச் சாண் உயரம், மூன்று விரல் அகலத்தில் ஒன்று ஒட்டித் தரச் சொல்லுங்கள். அகலம் குறைவாக இருந்தால்தான் மீன் முன்கண்ணாடிக்கு அருகிலேயே நிற்கும். அதே ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, கண்ணாடியில் ஒட்டிய குமிழ்களைத் தூரிகையால் தள்ளிவிடுங்கள். மீனைத் தொடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். பின்னால் கறுப்போ சாம்பலோ ஒரு அட்டை. ஃப்ளாஷை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ, வெள்ளை டிரேசிங் காகிதத்தின் வழியாக. நேர் முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு லென்ஸை அதன் வழியே நீட்டினால் பிரதிபலிப்பு முழுதாக அடங்கும். 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200. மீனியல் ஆட்கள் தலை இடப்பக்கம் இருக்க, மீனின் இடப்புறத்தை எடுப்பது வழக்கம், இனம் கண்டுபிடிக்க ஒப்பிட வசதி.

மூன்று நான்கு நிமிடம்தான். பிறகு பிடித்த அதே இடத்தில் விடுங்கள். வேறு குளத்தில் விடவே கூடாது. தொட்டி மீன் வளர்ப்பவர்கள் கொட்டிய டேங்க் கிளீனர் மீன் நம் ஏரிகளில் என்ன பாடுபடுத்துகிறது என்று வலை போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பதே குற்றம், அங்கே தொட்டியை எடுக்காதீர்கள்.

மூன்றாவது வழி நீருக்கடியில். இதில் என் அனுபவம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். நீர் முதலில் சிவப்பைத்தான் குடிக்கும், ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மீன் சாம்பலாகிவிடும். அதனால் ஆழம் போவதைவிட அருகே போவது முக்கியம், ஒரு மீட்டருக்குள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியின்றி இறங்க முடியாது.

படி 8: செய்யவே கூடாதவை

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தாய் எழுந்து பறந்தால் முட்டை நம் வெயிலில் நேரடியாகக் காயும், அந்த நேரம் பார்த்துக் காகம் வரும். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் திரும்பி நடங்கள், இருக்குமிடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரை போட்டு வரவழைக்காதீர்கள். மலேசியாவின் லங்காவியில் படகிலிருந்து கோழித்தோலை வீசிச் செம்பருந்தையும் கடற்கழுகையும் கூட்டமாக இறக்கிக் காட்டுவது சுற்றுலாவாகவே நடக்கிறது. படம் என்னவோ கிடைக்கும். மீன் பிடிக்கிற பறவையைக் கோழித்தோலுக்குப் பழக்குகிறோம் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உயிருள்ள மீனை நூலில் கட்டி மிதக்கவிடுவது அதைவிட மோசம்.

பூநாரைக் கூட்டத்தை எழுப்பிவிட்டு ஓடவிடாதீர்கள். ட்ரோன் வேண்டாம். மீனோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருந்து தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால், நீங்கள் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அப்படியே பின்னால் நகருங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டு நாள் போகட்டும். கண் தெளிவில்லாத படங்கள் எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். வெட்டும்போது பறவை பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள். முடிந்தால் காலில் இருப்பது என்ன மீன் என்று பாருங்கள், துறைமுகத்தில் பழகியவரிடம் காட்டினால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அந்தத் தகவலையும் சேர்த்து பறவைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் இபேர்டு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் உங்கள் ஊர் ஏரியை நன்றாகத் தெரிந்தவர்கள் நண்பர்களாவார்கள்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறையும் நான்கு வரி எழுதுங்கள். இரண்டாவது பனிக்காலத்தில் அதைப் புரட்டினால் எங்கே, எத்தனை மணிக்குப் போய் உட்கார வேண்டும் என்று அதுவே சொல்லும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"தை 3. காலை 7.40. நீர் வற்றுகிறது. வாடை, மெல்ல. வலைக் கம்புகளுக்குத் தெற்கே பள்ளத்தில் மடவை துள்ளல். ஆலா பத்துப் பதினைந்து. விராலடிப்பான் வடக்கிலிருந்து வந்தது, மூன்று தடவை இறங்கியது. மூன்றாவதில் மீன். உதறல் ஏழு படம், இரண்டு தெளிவு. மீனோடு மூன்றாவது கம்பில் போய் உட்கார்ந்தது."